முப்பத்தெட்டு மொச்சை

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு விதைக்கடைக்காரர் வந்திருந்தார். "வூட்டு மொச்சைய நம்பாதீங்கம்மா, பாதிகூட மொளைக்காது" என்றார்.

"எங்க வூட்டுது மொளைக்கும்" என்றேன்.

"எண்ணிக் காட்டுங்க பாப்போம்."

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நூறு விதை எண்ணி, ஈரச்சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்தேன். ஆறாம் நாள் எல்லார் முன்னாலும் பிரித்தபோது முளைத்திருந்தது முப்பத்தெட்டு. அவர் வாய்விட்டுச் சிரித்தார். குழுத்தலைவி கடை விதை வேண்டியவர்களின் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

"வுட்டுடு, ஊருல யாரும் நெனப்புல வச்சிக்க மாட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர். நான் வைத்திருப்பேனே!

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்க வேண்டும். ஒரு சூளைக் கட்டைகள் மொத்தமும் வெடித்துப்போனால் மண்ணை மட்டும் குறை சொல்ல மாட்டோம். நெருப்பு எப்படி இருந்தது என்றும் பார்ப்போம். மறுநாள் கட்டை தட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நான் எண்ணியெடுத்த விதை, தகரக் கூரையை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் டப்பாவில் கோடை முழுக்கக் கிடந்தது. அதே வயலில் பறித்த மீதி விதை, சாம்பல் கலந்து சமையலறை மூலையில் பானையில் இருந்தது.

பானையிலிருந்து நூறு எண்ணினேன். இந்தமுறை தொண்ணூற்றிரண்டு. சாக்குச் சுருளை அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

"அன்னைக்கி ஏன் மொளைக்கல?" என்றார் கடைக்காரர்.

"வெதைய வேகவச்சது நானுங்க. தப்பு என்னுது, வெதையோடது இல்ல. இப்ப உங்க பாக்கெட்டையும் சாக்குல போடுவோமா?"

"கம்பெனி வெதைய யாரும் சோதிக்க மாட்டாங்கம்மா."

"ஏன்?"

அவர் பதில் சொல்வதற்குள் குழுத்தலைவி பாக்கெட்டைப் பிரித்து, சாக்கில் அடுக்க நூறு எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

ஆறாம் நாள் அவர் வரவில்லை. நாங்களே எண்ணினோம். எண்பத்தொன்று. நல்ல விதைதான் என்று நானே உரக்கச் சொன்னேன். எனக்கு அவரைப் பொய்யாக்க வேண்டியதில்லை. என் மொச்சையை எண்ணிப் பார்க்காமலே கழித்துக்கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஆடியில் ஏழு பேர் என்னிடம் விதை வாங்கிப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "நான் சொன்னேன்னு வெதைக்காதீங்க. எண்ணிப் பாத்துட்டு வெதைங்க."