வீட்டில் எத்தனை ஓட்டு?

கோவில்பட்டியில் வேலுத்தாய் குடியிருக்கும் தெருவில் ‘போன் வேலுத்தாய்’ என்று கேட்டால்தான் சட்டென்று வழி காட்டுவார்கள். ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். கால் மிஷினை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன் ஒட்டிக்கொண்டிருக்கும். கோயம்புத்தூரில் வாக்கப்பட்ட மகள் ஐஸ்வர்யாவுக்குக் குழம்புப் பக்குவம் சொல்வது போனில். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டால் பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்துவதும் போனில். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கும் அவள் புருஷன் வேல்ராஜ், “ஏட்டி, ஒனக்குச் சோறு இல்லேன்னாலும் சார்ஜ் இருந்தாப் போதும்” என்று சிரிப்பார்.

அப்படிப்பட்டவளைத் தேர்தல் வேலை தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை. மாட்டு டாக்டர் நந்தகோபால் அந்த வருஷம் சுயேச்சையாக நின்றார். அவருக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். கூட்டம் சேர்க்க ஆள் கிடையாது, கொடி கட்ட ஜீப் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் இத்தனை வருஷமாகப் பசுவுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் கேட்டு அவரைக் கூப்பிட்டவர்களின் நம்பர்கள்தான். அந்த நம்பர்களுக்கெல்லாம் ஒருமுறை திருப்பிக் கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று யோசனை சொன்னவர் உரக்கடை சக்திகுமார். தன் கடை மாடியையே அதற்கு ஒழித்துக் கொடுத்தார். சம்பளம் இல்லை, டீயும் வடையும் உண்டு. தைக்கிற வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டு வேலுத்தாய் காலையிலேயே மாடியேறிவிடுவாள்.

பேச வேண்டியதைச் சக்திகுமார் சொல்லிக் கொடுத்திருந்தார். முதலில் வணக்கம். அப்புறம் டாக்டர் பெயர். அப்புறம், உங்கள் வீட்டில் எத்தனை ஓட்டு என்ற கேள்வி. எண்ணிக்கையைச் சொல்லிவிட்ட மனிதர் பாதி நம் பக்கம் வந்துவிட்டார் என்பது அவர் கணக்கு. கடைசியில் குழாய்ச் சின்னம்.

மற்றவர்கள் இதை ஒப்பித்தார்கள். வேலுத்தாய் பேசினாள். ஒரு பெரியவர், ஓட்டெல்லாம் இருக்கட்டும், எங்க எருமைக்கு இன்னும் சினை பிடிக்கலையே, அதுக்கு டாக்டர் என்ன சொல்லுதாரு என்று கேட்டார். வேலுத்தாய் அந்த எருமையின் வயது, தீவனம், குணம் எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். அந்த வீட்டு ஓட்டெல்லாம் குழாய்க்குத்தான் என்று பெரியவர் சத்தியம் செய்தார். பக்கத்து நாற்காலியில் இருந்து பேசும் சுகுணா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், “சித்தி, நீங்க நின்னிருந்தா டெபாசிட் என்ன, சீட்டே கெடைச்சிருக்கும்” என்று கேலி பேசுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சக்திகுமார் ஊர் ஊராகப் பிரித்த தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வேலுத்தாய்க்கு வந்தது கடம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அவள் பிறந்த ஊர். தாளின் நடுவில் பரமசிவன் என்ற பெயர் இருந்தது.

பரமசிவன் அவளுடைய அண்ணன். கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான். அவரோடு பேசி இரண்டு வருஷமாகிவிட்டது.

சொத்துத் தகராறு எதுவும் இல்லை. சண்டைகூட இல்லை. அண்ணன் பெண்டாட்டி, மதினி பாண்டிச்செல்வி செத்துப்போன அன்றைக்கு வேலுத்தாய் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஐஸ்வர்யாவுக்கு அன்றுதான் பிள்ளை பிறந்திருந்தது. பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற கையோடு சாவு விழுந்த கேத வீட்டுக்குப் போகக்கூடாது என்று சம்பந்தியம்மாள் தடுத்துவிட்டாள். வேலுத்தாய் என்ன செய்வாள்? தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வராண்டாவில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டு, அழுது, துக்கம் விசாரித்து, கேதம் கேட்டாள்.

 அண்ணன் குரல் வந்தது. “கேதத்தையும் போன்ல கேக்க ஆரம்பிச்சிட்டியா தாயி? சரி, வை.”

அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வேல்ராஜ் மட்டும் போய்விட்டு வந்தார். பிள்ளைக்கு மாசம் திரும்பட்டும், போவோம் என்று இருந்தாள். மாசம் திரும்பியதும், இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று தோன்றியது. தள்ளிப் போட்ட ஒவ்வொரு நாளும் அந்த வீட்டு வாசல்படியை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டது. அவர்கள் பக்கத்தில் கேதம் கேட்காத வீட்டுக்கு வேறெந்தக் காரியத்துக்கும் போக முடியாது. பொங்கலுக்குப் போக முடியாது, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போக முடியாது. ஊரெல்லாம் பேசிச் சேர்த்துக்கொண்டவளுக்குத் தன் ரத்தத்தோடு பேச ஒரு சொல் இல்லாமல் போனது.

சுகுணா தாளை எட்டிப் பார்த்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். அந்த நம்பரை மட்டும் தான் பேசித் தருவதாகச் சொன்னாள்.

வேலுத்தாய் மறுத்துத் தலையாட்டினாள். “இல்லட்டி. நானே பேசுதேன்.”

மற்ற எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டு அந்த ஒரு நம்பரோடு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுக் கேட்கிற சாக்கிலாவது அந்தக் குரலைக் கேட்டுவிடலாமே என்ற ஆசைதான் கடைசியில் விரலை நகர்த்தியது. 

“வணக்கம். மாட்டு டாக்டர் நந்தகோபாலுக்காகப் பேசுதோம்.”

அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இவளுக்கும் தெரிந்துவிட்டது.

“சொல்லுங்க” என்றார் பரமசிவன்.

‘சொல்லுங்க.’ தோளில் தூக்கி வைத்துக் கோயில் கொடை காட்டிய அண்ணன், முன்பின் தெரியாத பொம்பளைக்குக் கொடுக்கும் மரியாதையைத் தனக்குக் கொடுத்தது அவளைச் சுட்டது. அந்தச் சூட்டில் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய நாக்கு தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது.

“ஒங்க வீட்டுல எத்தனை ஓட்டு இருக்கு?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அள்ளி எடுக்க முடியுமா அதை?

“ரெண்டு இருந்துது” என்றார் அவர். “இப்ப ஒண்ணு.”

 சுகுணா தன் போனை அப்படியே மடியில் இறக்கிவிட்டாள்.

“டாக்டர் நல்ல மனுசன். போடுதேன். வேற எதும் கேக்கணுமா?”

கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அழுதுவிட்டால் போதும், எல்லாம் கரைந்துவிடும் போல இருந்தது. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு அழுவதுதான் அவள் ஏற்கெனவே செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“இதுல கேக்க மாட்டேண்ணே” என்றாள்.

 அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இவளாக வைக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

தாளைச் சுகுணாவிடம் கொடுத்துவிட்டு வேலுத்தாய் படியிறங்கினாள். எங்கே கிளம்பிட்டீங்க என்று சக்திகுமார் கேட்டது காதில் விழவில்லை. பஸ் ஸ்டாண்டில் வழக்கமாகக் கால் பூக்கடைப் பக்கம் போகும், பழக்கடைப் பக்கம் போகும். அன்று இரண்டையும் தாண்டி, வெறுங்கையோடு பஸ் ஏறினாள். கேதத்துக்குப் போகிறவர்கள் எதையும் வாங்கிக்கொண்டு போவதில்லை. பங்குனி வெயிலில் அறுப்பு முடிந்த கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடந்தது. வழி நெடுக, அவர் உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

பரமசிவன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். தாடி வெளுத்து, தோள் இறங்கி, பத்து வயது கூடினவர் போல இருந்தார். தெருமுனையிலேயே அவளைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்ற பிறகும் “வா” என்று சொல்லவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

 வேலுத்தாய் கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.

கதவைச் சாத்தவில்லை. உள்ளே ஜமுக்காளம் உதறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அதை நடு வீட்டில் விரித்துவிட்டு, ஓரமாகச் சுவரோடு சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார்.

கேதத்துக்கு வந்தவர்களை யாரும் ‘வா’ என்று அழைப்பதில்லை. உட்கார விரித்துப் போடுவார்கள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு அப்புறமும் அண்ணன் தனக்காக அதை விரித்துப் போட்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் போய் விழுந்தாள். அடைத்து வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அவர் தடுக்கவில்லை. அழுது ஓயட்டும் என்று காத்திருந்தார்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா எவளாவது கேதம் கேக்க வருவாளா?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“எனக்கு எதுண்ணே ஒழுங்காச் செய்யத் தெரிஞ்சிருக்கு?”

“ஏன், ஓட்டு நல்லாத்தான் கேக்குத.”

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கேதத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“மதினிக்கு என்னண்ணே செஞ்சுது?”

ஊரில் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்த கதை. கூடப்பிறந்தவளுக்கு மட்டும் சொல்லாமல் நின்றுபோயிருந்த கதை. பரமசிவன் நேற்று நடந்ததைச் சொல்வது போல முதலில் இருந்து ஆரம்பித்தார்.

“சாயங்காலம் பருத்திக் காட்டுல இருந்து வந்தா. தலை கனமா இருக்குன்னா. ஒரு காப்பி போட்டுத் தாங்கன்னா. அவ எங்கிட்டக் காப்பி கேட்டதே இல்ல தாயி. அப்பமே எனக்குத் திக்குன்னு இருந்துது…”