திருஷ்டிக்குக் கட்டிய முகம்

நவீன ஓவியம் என்று ஒன்று இருப்பதே தபால் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் கம்பைநல்லூரில், எங்கள் வீட்டு நடு அறையில், மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து மாமியாருக்குப் படுக்கைதான். நான் கண்ணில் படாவிட்டால் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். பால் வாங்கப் போனாலும் அந்தக் குரல் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு வரும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் நான் போவதில்லை. மனசார ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய். தினமும் எரிச்சல்தான்.

கூட வேலை பார்த்த தோழி ஒருத்திதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். எல்லாம் ரிட்டயர் ஆன ஆட்கள். ஒரு ஓவியத்தைப் போன் திரையில் போட்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். முதலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், இதெல்லாம் ஒரு படமா என்று கேட்டே விட்டேன். "பிடிக்கலைன்னா ஏன் பிடிக்கலைன்னு சொல்லுங்க, அதுக்குத்தானே கூடியிருக்கோம்" என்றார்கள். அதற்கு முன்னால் எதைப் பற்றியும் என்னிடம் யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. பேசினேன். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை.

சில மாதங்கள் போனபின், ஆளாளுக்குத் தங்கள் முகத்தை வரைந்து காட்டுவது என்று முடிவானது. முகத்தை எப்படி வேண்டுமானாலும் கலைக்கலாம். ஆனால் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

அப்போது எங்கள் வீட்டில் மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மீந்த பிளைவுட் பலகை ஒன்றை எடுத்து, கேட்டுக்கு அடித்த பெயின்ட்டில் வரைந்தேன். நெற்றி முழுக்கச் சிவப்பு. ஒரு கண் மட்டும் பெரிதாக, தூக்கம் கெட்டு, கட்டிலைக் கவனிப்பதுபோல் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வாய் இருக்கும் இடத்தில் கறுப்புக் கட்டம். அழகாக இல்லை, ஆனால் சத்தியமாக அது நான்தான். அதைப் பார்த்து என்னை யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்களா என்று மனசு அடித்துக்கொண்டது. வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

காய்வதற்காகப் பின்கட்டில் சாய்த்து வைத்திருந்தேன். மறுநாள் சனிக்கிழமை, அமாவாசை. மாமியாருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தபோது கற்பூர வாசனை வந்தது. வெளியே வந்தால் தெருவில் பூசணிக்காய் உடைந்து கிடக்கிறது. மேலே, புது மாடியின் தூணில், மிளகாயும் எலுமிச்சையும் கோத்த கயிற்றோடு என் முகம் தொங்குகிறது.

வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "பழைய திருஷ்டி பொம்ம வெளுத்துப் போச்சுன்னு சொல்லிக்கினே இருந்தன். நீயே போட்டு வெச்சிட்ட. கடையில வாங்கினாலும் இவ்ளோ பயங்கரமா கெடைக்காது."

"ஆமாங்கம்மா, பாத்தாலே பயமா இருக்குதுங்க" என்றார் மேஸ்திரி, மரியாதையோடு.

"கழட்டுங்க. அது வேறதுக்குப் போட்டது. நாளைக்கு எனக்கு வேணும்."

"கற்பூரம் காட்டிக் கட்டனத யாராச்சும் கழட்டுவாங்களா? பால் காய்ச்சற வரைக்கும் அங்கதான் இருக்கணும். சாரத்து மேல ஆளுங்க நிக்கறாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நீ பதில் சொல்லுவியா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் சாரத்தில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, பாதியில் விட்ட வேலைக்கு உள்ளே திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் தெருவில் நின்று போனை மேலே தூக்கிக் காட்டினேன். கூட்டத்துக்கு ஏகப்பட்ட உற்சாகம். கோயம்புத்தூர் அம்மா ஒருவர், "வீட்டுக்கு மேலயே தொங்க விட்டீங்களே, என்ன துணிச்சல்" என்றார். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆன ஒருவர், "அந்தக் கயிறும் மிளகாயும் இல்லைன்னா படமே இல்லைங்க" என்றார். பேச்சு பூராவும் என் வீட்டுக்காரர் கட்டிய கயிற்றைப் பற்றித்தான். அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பேசக் கூடாதே. கை வலிக்க நின்றேன்.

கடைசியில், "இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்கள்.

"ஏ புள்ள, எங்க போய்ட்ட?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஓடினேன். துணி மாற்ற வேண்டியிருந்தது, கழுவ வேண்டியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தபோது கூட்டம் கலைந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அது நான்தாங்க."

"எது?"

"மேல தொங்குதே, அந்த மூஞ்சி. என் மூஞ்சியத்தான் போட்டன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை.

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "நீ பாத்துக்கினு இருக்கறப்ப இந்த வூட்டுக்கு என்ன வந்துரப் போவுது? பால் காய்ச்சுனப்புறமும் கழட்ட வேணாம். அங்கியே இருக்கட்டும்."