கதவில் ஒட்டிய நோட்டீஸ்

“கையில குடுத்தேன்னு எழுதி கையெழுத்துப் போடு, யூசுப். ரெண்டே வரி.”

மேனேஜர் காதர் காக்கா, எங்கள் பேச்சில் காதர் அண்ணன், ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். துபாய் சத்வாவில் அந்த ரியல் எஸ்டேட் ஆபீஸில் எனக்கு அது நான்காவது வருடம். எட்டாவது வரை படித்த எனக்கு அல்லாஹ் கொடுத்த வேலை, ஃபிளாட்களின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்து, ரினியூவல் பேப்பர் தயார் செய்வது.

நடந்தது இதுதான். கட்டிட முதலாளியான அர்பாப், பழைய கட்டிடம் ஒன்றை முழுவதும் ஒரு கம்பெனியின் ஸ்டாஃபுக்கு விட முடிவு செய்தார். குடியிருப்பவர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று சில மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். நான்தான் கொண்டுபோனேன். எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். 204 மட்டும் பூட்டியிருந்தது. கோடை லீவு. “ஊருக்குப் போயிருக்காங்க பாய். கதவுல ஒட்டுங்க, வந்து பாப்பாங்க” என்றார் வாட்ச்மேன். டேப் போட்டு ஒட்டிவிட்டு ரிஜிஸ்டரில் ‘கொடுத்தாச்சு’ என்று எழுதினேன். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

204-இல் இருந்தவர் செல்வராஜ். புதுக்கோட்டைப் பக்கம், ஜெபல் அலியில் வேர்ஹவுஸ் சூப்பர்வைசர். ஒப்பந்தம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் காப்பியோடு கவுண்டருக்கு வந்தார்.

“சீக்கிரம் போட்டுக் குடுங்க பாய். வொய்ஃப், பொண்ணு விசா இந்த மாசத்தோட முடியுது. புது கான்ட்ராக்ட் இல்லாம ரினியூ ஆகாது. இல்லேன்னா அவங்கள ஊருக்கு ஏத்திவிட்டுட்டு நான் லேபர் கேம்ப்ல போய்ப் படுக்கணும்.”

“நோட்டீஸ் குடுத்து மாசக்கணக்காச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு. காலி பண்ணுங்க” என்றார் காக்கா.

“எங்களுக்கு என்ன நோட்டீஸ்? பக்கத்து வீட்டுக்கெல்லாம் வந்துச்சு, எங்களுக்கு இல்லேன்னுதான் நெனச்சோம். எங்க கதவுல ஹோட்டல்காரன் மெனுதான் ஒட்டுவான். அதையும் கிளீனர் வாரா வாரம் சுரண்டிப் போட்டுருவான். நான் வாடகைத் தகராறு விசாரிக்கிற கமிட்டிக்குப் போறேன்.”

கமிட்டியில் சாட்சி கேட்பார்கள். அதற்குத்தான் அந்த வெள்ளைத் தாள். நான் பேனாவைத் தொடாமல் நேராகக் கட்டிடத்துக்குப் போய்க் கிளீனரைக் கேட்டேன். “சப் நிகாலா, பாய்” என்றான். எல்லாவற்றையும் எடுத்துவிட்டானாம். பாவம், அவனுக்குப் படிக்கத் தெரியாது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன். மனதில் குழப்பம் இல்லை.

“ஒட்டினேன்னு எழுதித் தரேன் காக்கா. கையில குடுத்தேன்னு எழுத மாட்டேன். அது பொய்ச் சாட்சி.”

“ஒன் விசா யாரு குடுத்தது, தெரியுமா?”

“விசா கம்பெனி குடுத்தது. ரிஜ்க், திங்கிற சோறு, அல்லாஹ் குடுக்குறது.”

“பெரிய அவுலியா, மகான் வந்துட்டாரு. வா, இத அர்பாப்கிட்ட நீயே சொல்லு.”

அர்பாப்பிடம் எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். அவர் ரிஜிஸ்டரைக் காட்டி, இது யார் கையெழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என்னுடையதுதான், கொடுத்ததாக எழுதியிருக்கிறேன், எழுதியது தப்பு என்றேன். தஸ்பீஹ் மணியை உருட்டியபடி ரிஜிஸ்டரை மூடினார். பிறகு காக்காவிடம், “ஏக் சால் தே தோ” என்றார். ஒரு வருடம் கொடுத்துவிடு. கம்பெனிக்காரர்களிடம் 204 இப்போது கிடைக்காது என்று அவரே போனில் சொன்னார்.

காக்கா என்னைச் சும்மா விடவில்லை. என் ஊர் லீவை மூன்று மாதம் தள்ளிப் போட்டார். நோன்புப் பெருநாள் அன்று பிள்ளைகளோடு போனில்தான் பேசினேன். தப்பாக எழுதியவன் நான், வருத்தப்பட என்ன இருக்கிறது?

ரினியூவல் பேப்பரை வாங்க செல்வராஜ் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் மறைக்கவில்லை.

“இது ஒரு வருஷத்துக்குத்தான். இப்பவே வேற வீடு பாக்க ஆரம்பிங்க.”

“நேர்ல சொல்லிட்டீங்கள்ல பாய். அது போதும்” என்றார். அந்த அம்மா ஒப்பந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நம் கையிலிருக்கும் தாள் ஒரு குடும்பத்தின் இருப்பு. வீடு பூட்டியிருந்தால் போன் பண்ணுங்கள், மறுபடி போங்கள். அப்படியும் ஆள் இல்லையென்றால், ரிஜிஸ்டரில் ‘பூட்டியிருந்தது’ என்றே எழுதுங்கள்.