தண்ணீரை விழுங்கும் குழிக்குப் பெயர் தேடிப் போனேன்

1963 டிசம்பர். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு திருச்சிக் கல்லூரி ஒன்றில் புவியியல் நடத்தி வந்தேன். தமிழில் பாடநூல் எழுதும் வேலை ‘பொனோர்’ (ponor) என்ற ஒரே சொல்லில் வந்து நின்றுவிட்டது. சுண்ணாம்புக்கல் பூமியில் ஓடைத் தண்ணீரோ ஏரித் தண்ணீரோ தரைக்குள் இறங்கிவிடும் குழிக்கு அப்படிப் பெயர். யூகோஸ்லாவியப் பக்கத்துக் குடியானவர்கள் வழங்கிய சொல், மூழ்கிப்போவது என்ற பொருளில் பிறந்தது. எங்கள் துறைத்தலைவரோ, “ஜலாந்தர்தான பிலம்னு போடும், பேஷா இருக்கும்” என்றார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தண்ணீர் மறையும் வளை என்பதற்கு அந்தச் சமஸ்கிருதச் சொல்லைப் பிள்ளைகள் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நம் குடியானவர்களையே கேட்டுவிடுவது, விட்டேனா பார் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.20 பாசஞ்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூர் நாற்பது மைலுக்குள்தான், அப்போது அதுவும் திருச்சி ஜில்லா. டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். அங்கே நாளைக்கு எட்டணா வாடகையில் சைக்கிள் எடுத்து, ஐந்து மைல் தள்ளி ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்கு மிதித்தேன். கடைசி ஒரு மைல் கரிசல் சேற்றில் சைக்கிள்தான் என்மேல் சவாரி செய்தது.

சோளக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த செல்லம்மாள் என்ற அம்மாள், தண்ணீர் இறங்கும் குழி உண்டா என்று கேட்டதும், ஏரியின் மேல்கரைக்குக் கூட்டிப்போனார். வண்டிச்சக்கர அகலத்தில் ஒரு குழி. தண்ணீர் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“இதுக்குப் பேர் என்னம்மா?”

“விழுங்கிங்க. வேற என்னன்னு சொல்றது?”

எனக்கு ஒரே குதூகலம். அதோடு வாயை மூடியிருக்கலாம். “நாலு மூட்டை சிமெண்ட் போட்டு அடைச்சா ஏரி நிறைஞ்சு நிக்குமே? ஏன் விட்டு வச்சிருக்கீங்க?” என்றேன்.

“ஒரு வருஷம் இதுல உமியைக் கொட்டிப் பாத்தோம் சார். எட்டாம் நாள், ரெண்டு மைல் தள்ளி கீழூர்க் கிணத்துல மிதந்துச்சு. அதுலேருந்து பொங்கலுக்குப் பொங்கல் அந்த ஊர்லேருந்து எங்களுக்கு ஒரு மரக்கா அரிசி வருது.”

“இருந்தாலும் உங்க வயல் காயுதே?”

“காயுதுதான். என் மகளை அங்கதான் கட்டிக் குடுத்திருக்கேன். அடைச்சுட்டா அவ எதை மொண்டு குடிப்பா?”

படித்த திமிரில் பேசிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் மழை விட்ட பத்து நாளைக்குள் போங்கள், பிறகு வெறும் குழிதான் இருக்கும். சேற்றில் செருப்பு தங்காது. குழியின் விளிம்பில் நிற்காதீர்கள்.

திங்கட்கிழமை துறைத்தலைவர் ‘விழுங்கி’ கொச்சை என்றார். ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்று ஒப்புக்கொள்ள வைத்தேன். பிறகு அதன் விளக்கத்தை எடுத்தேன். ‘நீர் மறைந்து வீணாகும் குழி’ என்று நானே எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ‘ஓர் ஊரின் நீர் அடுத்த ஊருக்குப் போகும் வழி’ என்று எழுதிக் கொடுத்தேன்.