விதைக் கொம்பனிக்குப் போன எங்கள் அண்ணா

எங்கள் அன்புக்குரிய அண்ணா எங்கள் ஊரான அளவெட்டியில், தபாற்கந்தோர் ஊழியரான ஐயாவுக்கும் ஆசிரியையான அம்மாவுக்கும் மூத்த மகனாகப் பிறந்தார். தாவரவியல் படித்து, படித்த பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளரானார். மிளகாய்ச் செடியின் இலைகளைச் சுருட்டிக் காய்க்கவிடாமல் செய்யும் வைரஸ் நோயே அவரது ஆய்வு. போரில் மின்சாரம் நின்று, குளிர்ப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த இலை மாதிரிகள் எல்லாம் அழுகிப்போயின. அவற்றை வெளியே கொட்டிவிட்டு வந்த அன்றுதான், நாட்டை விட்டுப் புறப்பட அண்ணா சம்மதித்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோ வந்தோம். பார்க்டேலில் ஒரு சிறிய அப்பாட்மென்ரில் அண்ணா, அண்ணி, பிள்ளைகள் இருவர், தங்கையான நான். பகலில் அண்ணாவுக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை. மாலையில் உணவகத்தில் கோப்பை கழுவினார். சில ஆண்டுகளில் அந்தப் பேராசிரியருக்கு வந்த நிதி நின்றது. நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்த இடங்களெல்லாம் மரியாதையாக மறுத்தன. அப்போதுதான் நகருக்கு வெளியே இருந்த ஒரு விதைக் கொம்பனி அவரை அழைத்தது.

“கொம்பனியில கண்டுபிடிக்கிறதை வெளியில எழுத விடமாட்டினம், தங்கச்சி. இனி யூனிவேர்சிற்றிக்குத் திரும்பிப் போக ஏலாது” என்றார்.

“பின்னை ஏன் போறியள்?”

“பிள்ளையள் சாப்பிட வேணும். அதோட, செடி வளர்க்க அங்க நல்ல கண்ணாடிக்கூடம் இருக்கு.”

மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுசுக்குக் குடிபெயர்ந்தோம். கொம்பனியில் அவருக்குத் தரப்பட்ட வேலை, அதே வைரஸ் நோயை எதிர்க்கும் மரபணுவைத் தக்காளியில் சேர்ப்பது. அனுமதி கேட்டு, சனிக்கிழமைகளில் மிளகாயிலும் அதையே முயன்றார். மிளகாய் லேசில் இணங்கும் பயிர் அல்ல. கண்ணாடிக் குடுவையில் முளைத்தவை மண்ணுக்கு மாற்றியதும் செத்தன. மறுபடியும் தொடங்குவார். கடைசியில் சில செடிகள் பிழைத்தன. ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிச் சென்று கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினார். நோயால் சுருண்டு குறுகிய மற்றச் செடிகளின் நடுவே அவருடைய செடிகள் விரிந்த இலைகளோடு நின்றன. அன்று அவர் சிரித்த சிரிப்பை அதற்குப் பின் நாங்கள் பார்க்கவில்லை.

மேலாளர் செடிகளைப் பாராட்டினார். ஆனால் மிளகாய் பயிரிடும் ஏழை நாட்டு விவசாயிகள் தங்கள் விதையைத் தாங்களே எடுத்து வைப்பவர்கள், ஆண்டுதோறும் வாங்கமாட்டார்கள், அதனால் கொம்பனிக்கு லாபமில்லை என்றார். அடுத்த வருடம் கொம்பனியைப் பெரிய கொம்பனி ஒன்று வாங்கியது. தேவையற்ற செடிகளையும் விதைகளையும் அழிக்க உத்தரவு வந்தது. மிளகாயை அழிக்கும் பொறுப்பு அண்ணாவுக்கே கிடைத்தது. செய்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“ஒரு பிடி விதையாவது கொண்டு வந்திருக்கலாமே?” என்று அண்ணி அழுதார். “உங்கட கையால வளர்த்ததெல்லே?”

“வளர்த்தது நான். சொந்தம் கொம்பனிக்கு. கையெழுத்து வைச்சுத்தானே வேலைக்குப் போனனான்.”

சில மாதங்களில் அண்ணாவையும் நிறுத்தினார்கள். மீண்டும் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் எங்கே என்று கேட்டார்கள். அண்ணாவிடம் எதுவும் இல்லை. ஸ்காபரோவில் பிஸ்கற் தொழிற்சாலையொன்றில் ஷிஃப்ற் வேலை செய்தார். அங்கேயே ஒருநாள் வயிற்றுவலியால் விழுந்தார். புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது.

அவரிடம் ஊரில் படித்த மாணவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, “அண்ணை, உங்கட உழைப்பு வீண்போகாது” என்றார்.

“வீணாப் போட்டுது, தம்பி” என்றார் அண்ணா. “இனி ஆரும் செய்யிறதெண்டால் முதலில இருந்துதான் தொடங்க வேணும். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதையும்.”

மறுவாரம் அண்ணா எங்களை விட்டுப் பிரிந்தார்.

நோயின்போது சமைத்துத் தந்த மல்வேர்ன் அயலவர்களுக்கும், அண்ணியோடு ஆஸ்பத்திரியில் முறைவைத்து இருந்த உறவினர்களுக்கும், இறுதிக் கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், விடுப்பு எடுத்து வந்து தோள்கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணாவின் பணி என்றும் நிலைத்து நிற்கும் என்று இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அண்ணியும் நானும் பேசிப் பார்த்தோம். அதை எழுதவேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டார்.