பிளகூனாவின் லெட்டூஸ் பாத்தி

பிளகூனா ஈய ஆலையின் கேண்டீனில் சூப் ஊற்றியே பாதி வயதைக் கழித்தவள். ஆலை மூடியபின் புகைபோக்கி ஊருக்கு மிஞ்சியது. அது துப்பியதெல்லாம் அவள் தோட்டத்துக்கு மிஞ்சியது. "என் மண்ணை அள்ளினா லாரிக்கு பேட்டரி செய்யலாம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

லெட்டூஸ் கீரைப் பேச்சில் மட்டும் சிரிப்பு கிடையாது. மே மாதப் புனித ஜார்ஜ் திருநாளுக்கு மகனும் மருமகள் யகோதாவும் வருவார்கள். ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் தன் தோட்டத்து லெட்டூஸ் இருந்தே ஆகவேண்டும். யகோதாவோ, ஆய்வக முடிவைப் பார்த்துத்தான் வாயில் வைப்பாள். இந்த ஆண்டு அவள் கர்ப்பிணி வேறு.

ஆய்வகத்துப் பிசேரா முன்பே வழி சொல்லியிருந்தாள். "ஈயம், காட்மியம்னு ஆலை துப்பின விஷ உலோகம் எதுவும் மண்ணை விட்டு எங்கயும் போகாதுக்கா. சுண்ணாம்பு போடுங்க, மக்கின சாணம் போடுங்க. களிமண்ணும் மக்கும் அதுங்களை இறுக்கிப் பிடிச்சுக்கும். மண்ணு புளிக்காத வரைக்கும் பிடி விடாது."

பிளகூனா கொட்டினாள், கிளறினாள். சென்ற ஆண்டு இலை ஆய்வில் தேறியது. யகோதா கேட்டு வாங்கித் தின்றாள். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத் தெருவே சலித்துப் போனது.

இந்த ஆண்டு, திருநாளுக்கு முந்தின வாரம், பிசேரா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். இலையில் காட்மியம் எகிறிக் கிடந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"சத்தியமா ஒண்ணும் பண்ணலடி. சுண்ணாம்பு, சாணம்..."

"வேற?"

"வேற என்ன, பீப்பாய் கழுவினேன்."

குளிர்காலம் முழுக்க நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஊறிய பீப்பாய். அடியில் மிஞ்சும் புளித்த உப்புநீரைச் சாக்கடையில் விட அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது.

"தண்ணிய எங்க ஊத்தினீங்க?"

"லெட்டூசுக்குத்தான். தெம்பா வரட்டுமேன்னு."

பிசேரா தலையில் கைவைத்தாள். "புளிப்பு சுண்ணாம்பைத் தின்னுடுச்சு. உப்பு காட்மியத்தைக் கையப் பிடிச்சு வேர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுச்சு. நல்லா தெம்பாத்தான் இருக்கு."

"குடிச்ச மறுநாள் தலைவலிக்கு அதுதான் மருந்து, எனக்குக் கொடுன்னேன். கேட்டாளா?" என்றான் கணவன் ஸ்பாசே.

"உன் தலைவலிக்கு ஒரு பீப்பாய் பத்தாதுய்யா."

பிசேரா போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான். "போன வருஷ முடிவையே காட்டேன். யாருக்குத் தெரியப்போகுது?"

பிளகூனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து, திரட்சியான லெட்டூசை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சாக்கில் திணித்தாள். கோழிக்குக்கூடப் போடவில்லை.

திருநாளன்று மேசையில் கடை லெட்டூஸ். யகோதா ஒரு இலையை மென்று முகம் சுளித்தாள். "தண்ணி மாதிரி இருக்கே அத்தை, உங்களோடது எங்க?"

பிளகூனா பீப்பாய்க் கதையை ஒளிக்காமல் சொன்னாள். யகோதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த வருஷம் பீப்பாய் கழுவற அன்னிக்கு நானே வந்துடறேன். நீங்க பாத்திப் பக்கமே போகக் கூடாது."

"வா, வா. பீப்பாய் நல்ல கனம்" என்றாள் பிளகூனா.