மஞ்சள் நாடாவுக்கு வெளியே

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி, மூடிப்போன ரசாயனக் கிடங்கு ஒன்று இருந்தது. கசிந்ததெல்லாம் மண்ணில் ஊறிக் கிடந்தது. அந்த மண்ணை வாரி மூட்டை கட்ட, மழையால் உப்பள வேலை நின்றுபோயிருந்த பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் சேஃப்டி சூப்பர்வைசர் நான். எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். இந்த மாதிரி இடத்துக்கு அது நல்ல குணம் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

முதல் நாளே மஞ்சள் நாடாவை இழுத்துக் கட்டினேன். உள்ளே விஷம்; வெளியே எங்கள் டென்ட், சாப்பாடு எல்லாம். உள்ளே போனால் பூட்ஸ், கிளவுஸ், மாஸ்க். "வெற்றிலை கூடாது, பீடி கூடாது, டீ கூடாது" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். ஆயுசு முழுக்க வெறுங்காலோடு உப்பு வாரியவர்கள், பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்கள். சிரித்தவர்களைத் திட்டினேன்.

என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் அந்தக் குழுவின் தலைவி. என் வயதுதான் இருக்கும், எல்லோருக்கும் அக்கா. யாராவது மாஸ்க்கை இறக்கினால் எனக்கு முன்னால் அவர் சத்தம் போடுவார்.

மூன்றாம் நாள் மத்தியானம், அதே அக்கா நாடாவுக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீரருகே குனிந்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, வெளிப்பக்கம் விரலில் படாமல் கிளவுஸை உரித்தார். மாஸ்க்கை இறக்கினார். ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்மா! என்ன பண்றீங்க!"

"ஐயோ, பழக்கம் சார். உப்புத் தண்ணி பதத்துக்கு வந்துச்சான்னு நாக்குல வச்சிதான் பாப்போம். கை தானா போயிடுச்சி." பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க வெத்தல, பீடி, டீதான சார் கூடாதுன்னீங்க?"

விஷத்தை ருசி பார்ப்பது என் பட்டியலில் இல்லைதான். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

"எப்படி வாய்க்குள்ள போச்சு?" என்றார் டாக்டர்.

"டேஸ்ட் பாத்தாங்க."

"நீங்க யாரு?"

"சேஃப்டி சூப்பர்வைசர்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பயமில்லை, காலைவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "சார், அந்தத் தண்ணி ஒரு மாதிரி கசக்குது. வாய்க்கா தண்ணியும் இதே மாதிரிதான் கசந்துச்சி."

"எந்த வாய்க்கா?"

"டென்ட்டுக்குப் பின்னாடி, சாப்ட்டுட்டு கை கழுவுறோமே. நேத்து நாக்குல வச்சி பாத்தேன்."

டிரம்மில் கொண்டுவரும் தண்ணீர் குடிக்க மட்டும், மற்றதற்கு வாய்க்கால் போதும், அது நாடாவுக்கு வெளியேதானே ஓடுகிறது என்று சொன்னது நான். வெட்கமாக இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி, மீதிப் பேரையும் வேனில் ஏற்றி வரவழைத்தேன். வாய்க்காலிலும் அதே விஷம்தான் என்று பின்னால் சோதனையில் வந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் பதினொரு பேரையும் வரிசையில் நிற்க வைத்து அதட்டிக்கொண்டிருந்தேன். கடைசி ஆளையும் பார்த்து முடித்த டாக்டர், "வேற யாராவது பாக்கியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"ஏன் இல்ல?" என்று கட்டிலிலிருந்து அக்கா கை நீட்டினார். "தோ, இவர்தான். மூணு நாளா டிபன் பாக்ஸ அந்த வாய்க்கால்லதான் கழுவுறாரு."

டாக்டர் டார்ச்சை எடுத்தார். மூன்று நாளாக எல்லோரையும் திட்டித் தீர்த்த நாக்கை, பன்னிரண்டு பேர் பார்க்க நீட்டினேன்.